எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் கோல்ஃப்

“மீண்டும் எப்போது ஆடலாம்?” என்று கோல்ஃப் ஆடுவோர் எங்களிடம் கேட்கின்றனர். நுண்துளை முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பெற்றோரை விரைவிலேயே நடக்கச் சொல்கிறோம். மட்டை வீசவே பொறுமை தேவை. உடலை முறுக்கி வீசுகையில் வயிற்றின் உள்ளழுத்தம் கூடும்; ஆறாத துளைகளின் வழியே குடலிறக்கம் நேரலாம். பொதுவாக 4 வாரங்களுக்குப் பின் பந்தை மெல்ல உருட்டலாம். 6 முதல் 8 வாரங்களில், பரிசோதனைக்குப் பின், முழுவீச்சில் ஆடலாம். அதுவரை பையைப் பிறர் சுமக்கட்டும்.

சுருங்கிய இரைப்பை நிறைய நீரை ஒரே மூச்சில் ஏற்காது. வெயிலில் சிறிது சிறிதாகப் பருகிக்கொண்டே இருங்கள். இனிப்புப் பானங்கள் படபடப்பையும் மயக்கத்தையும் தரக்கூடும்.

முதுகு வலித்தால் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைத் தாமாக விழுங்காதீர்கள். பைபாஸ் செய்துகொண்டோருக்கு இவை குடல் இணைப்பில் புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாக்கலாம், எங்களைக் கேளுங்கள்.

முதல் நாள் 9 குழிகள் போதும். மற்ற 9 காத்திருக்கும்.