காணாமற்போகாத பத்து ரூபாய்

பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவி, 1980 ஜூன் 18 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில், பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களை 28 விநாடிகளில் மனத்திலேயே பெருக்கிக் காட்டினார். அந்த வேகம் நம்மில் எவருக்கும் வாய்ப்பது அரிது. நல்லவேளையாக, பணப் புதிர்களை அவிழ்க்க வேகம் தேவையில்லை. எதை எதனோடு கூட்டலாம் என்று தெரிந்தால் போதும்.

பலரும் கேட்டிருக்கக்கூடிய புதிர் ஒன்று. மெஜஸ்டிக் பகுதி விடுதியொன்றில் மூன்று நண்பர்கள் தலைக்கு 100 ரூபாய் வீதம் 300 ரூபாய் செலுத்துகின்றனர். வாடகை 250 ரூபாய்தான் என்பதை உணர்ந்த மேலாளர், 50 ரூபாயைப் பணியாளரிடம் கொடுத்தனுப்புகிறார். பணியாளர் 20 ரூபாயைத் தம் பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தருகிறார். ஆக, ஒவ்வொருவரும் செலுத்தியது 90, மூவருக்கும் 270. பணியாளரிடம் 20. மொத்தம் 290. மீதிப் பத்து ரூபாய் எங்கே?

எங்கும் போகவில்லை. நண்பர்கள் கொடுத்த 270 ரூபாய்க்குள்ளேயே பணியாளரின் 20 ரூபாய் அடங்கியிருக்கிறது: கல்லாவில் 250, பையில் 20. அதை மறுபடியும் கூட்டுவது பிழை. 300 வரவேண்டுமெனில், நண்பர்களிடம் திரும்பி வந்த 30 ரூபாயைத்தான் கூட்ட வேண்டும்.

வங்கி வாடிக்கையாளருக்கு இதைவிட நெருக்கமானது பாஸ்புக் புதிர். கணக்கில் 500 ரூபாய் உள்ளது. 200 எடுத்தால் இருப்பு 300. அடுத்து 150 எடுத்தால் இருப்பு 150. பின்னர் 90 எடுத்தால் 60. இறுதியாக 60 எடுத்தால் சுழியம். எடுத்த தொகைகளைக் கூட்டினால் 500. இருப்புகளைக் கூட்டினாலோ 510! வங்கி பத்து ரூபாய் கடன்பட்டிருக்கிறதா?

இல்லை. கடைசியில் எடுத்த 60 ரூபாய், 300 என்ற இருப்பிலும் 150 என்ற இருப்பிலும் 60 என்ற இருப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை எண்ணப்படுகிறது. முதலில் எடுத்த 200 ரூபாயோ ஒருமுறைகூட எண்ணப்படவில்லை. 510 என்பது 500-க்கு அருகில் வந்தது தற்செயலே. நூறு நூறாக எடுத்துப் பாருங்கள்: இருப்புகளின் கூட்டுத்தொகை 1,000 ஆகிவிடும்.

ஆயினும் இருப்புகளைக் கூட்டுவது முற்றிலும் வீண் வேலையன்று. ஒவ்வொரு நாளின் முடிவில் உள்ள இருப்பையும் கூட்டினால், எவ்வளவு பணம் எத்தனை நாள் வங்கியில் தங்கியது என்பது தெரியும். 2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டி இந்த அடிப்படையில்தான் கணக்கிடப்படுகிறது. அதற்கு முன்பு, மாதத்தின் 10-ஆம் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட மிகக் குறைந்த இருப்புக்கு மட்டுமே வட்டி கிடைத்தது.

கடன் வாங்கும்போது இதே கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். இருசக்கர வாகனத்திற்கு 1,20,000 ரூபாய் கடன், 'பிளாட் ரேட்' 10 சதவீதம், 12 மாதத் தவணைகள் என்று ஒருவர் கூறுகிறார் எனக் கொள்வோம். வட்டி 12,000, மாதத் தவணை 11,000. பார்வைக்கு எளிமையாகவே இருக்கிறது. ஆனால் 1,20,000 ரூபாய் நம்மிடம் இருப்பது முதல் மாதம் மட்டுமே. மாதம் 10,000 வீதம் அசல் குறைவதாகக் கொண்டால், அடுத்த மாதம் 1,10,000, பிறகு 1,00,000 என இறங்கி, கடைசி மாதம் 10,000 மட்டுமே நிற்கும். பன்னிரண்டு இருப்புகளையும் கூட்டினால் 7,80,000, சராசரி 65,000. அந்த 65,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 12,000 என்றால், விகிதம் 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. தவணைதோறும் துல்லியமாகக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 18 சதவீதமே வரும்.

இத்தகைய மயக்கம் நேராதிருக்கவே, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்கள் அனைத்திற்கும் 'முக்கிய விவர அறிக்கை' தரப்பட வேண்டுமென இந்திய ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இடம்பெற்றிருக்கும். கையெழுத்திடும் முன் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டிய தாள் அது.

மேற்சொன்ன 1,20,000 ரூபாயையே, குறையும் இருப்பின் மீது 18 சதவீத வட்டி என்று வேறொருவர் தர முன்வந்தால், மாதத் தவணை சுமார் 11,002 ரூபாய் ஆகும். ஒரு விளம்பரத்தில் 10, மற்றொன்றில் 18. மாதந்தோறும் நம் கையை விட்டுப் போகும் தொகையில் வேறுபாடு இரண்டே ரூபாய்.