சுவிட்ச் குழந்தை கையில் இருக்கட்டும்

வார நாட்களில் கோடு எழுதுறவன் நான். ஒரு வருஷமா சனிக்கிழமை காலையில் ஒரு சென்சரி விளையாட்டு இடத்துக்குத் தன்னார்வலரா போறேன். ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள குழந்தைகள், அவங்க அண்ணன் தங்கச்சிகள், பக்கத்துத் தெருப் பசங்க எல்லாரும் சேர்ந்து விளையாடுற இடம். "அங்க போய் என்னதான்டா பண்ற?"ன்னு பல பேர் கேட்டாச்சு. அதுக்குத்தான் இந்த எபிசோட்.

ஸ்கூல்ல நமக்கு ஐம்புலன்னு சொல்லிக் கொடுத்தாங்க. இங்கே இன்னும் ரெண்டு சேர்த்துக்கணும். ஒண்ணு, உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. தலை எந்தப் பக்கம் சாயுது, உடம்பு சுத்துதான்னு சொல்றது அதுதான். இன்னொண்ணு, தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு அனுப்புற தகவல். கண்ணை மூடிக்கிட்டே மூக்கைத் தொட முடியுதில்ல, அது இதனாலதான். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் 1972-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த ரெண்டுக்கும் பெரிய இடம் கொடுத்தாங்க.

சில குழந்தைகளுக்கு ஒரு புலனோட வால்யூம் ரொம்ப அதிகமா இருக்கும், சிலருக்கு ரொம்பக் கம்மியா இருக்கும். ஒரே குழந்தைக்கு ரெண்டும் இருக்கலாம். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கிற பையன், அடுத்த நிமிஷம் சோபா மேலிருந்து திரும்பத் திரும்பக் குதிப்பான். வீட்டில் இதுக்கு "அடம்"னு பேர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு, 2013-ல் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது.

அதனால எங்க இடத்தில் ஊஞ்சல், டிராம்போலின், அரிசித் தொட்டி, தள்ளி விளையாட கனமான மெத்தைகள், ஓரமா ஒரு சின்ன இருட்டுக் கூடாரம் எல்லாம் இருக்கு. பொதுவா முன்னும் பின்னுமா சீரா ஆடினா உடம்பு அடங்கும். வேகமா சுத்தினா உசுப்பேறும். நம்ம பாட்டிங்க தூளியை ஆட்டித்தானே விட்டாங்க, யாரும் சுத்தி விடலையே.

ஆனா சாமானைவிட முக்கியமான விஷயம், சுவிட்ச் யார் கையில் இருக்குங்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 4 முதல் 12 வயது வரையுள்ள 41 ஆட்டிசக் குழந்தைகளை ஒரு சென்சரி அறையில் கவனிச்சாங்க. விளக்கையும் ஒலியையும் குழந்தைகளே மாத்த முடிஞ்சப்போ கவனம் கூடிச்சு; ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்றது குறைஞ்சது. அறை அதேதான், சாமானும் அதேதான்.

ஆட்டிசம் உள்ள விலங்கு அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் கதையும் இதையேதான் சொல்லுது. மாட்டை அசையாம நிறுத்தப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கிற சட்டத்தை அத்தையோட பண்ணையில் பார்த்தாங்க. அதைப் போலத் தன் உடம்பை அழுத்த ஒரு இயந்திரத்தை டீன்ஏஜ்லயே செஞ்சுக்கிட்டாங்க. யாராவது கட்டிப்பிடிச்சா தாங்க முடியாத அவங்களுக்கு அந்த அழுத்தம் நிம்மதியா இருந்துச்சு. ஏன்னா, எவ்வளவு அழுத்தணும், எப்போ விடணும்கிற லீவர் அவங்க கையில் இருந்துச்சு.

எங்க வேலையில் பாதி இதுதான். கேட்காம ஊஞ்சலைத் தள்ள மாட்டோம். பேசாத குழந்தைன்னா "இன்னும்", "போதும்"னு ரெண்டு பட அட்டை. "போதும்" தொட்டா அந்த நொடியே நிறுத்தணும். நிறுத்தலேன்னா அடுத்த வாரம் அந்த அட்டையை அவங்க தொடவே மாட்டாங்க.

ஒரு பையனோட அம்மா அவன் கையைப் பிடிச்சு அரிசிக்குள் அழுத்தினாங்க. "தொட்டாத்தானே தம்பி பழகும்?"னு என்கிட்ட கேட்டாங்க. அவங்க பயம் எனக்குப் புரியுது, அடுத்த வருஷம் பள்ளியில் சேர்க்கணும். ஒரு கரண்டியைக் கொடுத்தோம். நாலு வாரம் கரண்டியால மட்டும் கிளறினான். அஞ்சாவது வாரம் பொம்மைக் கார் உள்ளே விழுந்துடுச்சு, கையை விட்டு எடுத்தான். ஆறாவது வாரம் மறுபடி கரண்டி. அப்படித்தான் போகும்.

இதைச் சிகிச்சைன்னு விக்கிறவங்களும் இருக்காங்க, அங்கே கொஞ்சம் நிதானம் தேவை. சென்சரி சிகிச்சைகளுக்கான ஆதாரம் குறைவுதான்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே சொல்லியிருக்கு. "மூணு மாசத்துல சரியாகிடும்"னு யாராவது பேக்கேஜ் நீட்டினா, எழுந்து வந்துடுங்க. விளையாட்டு இடம் விளையாடத்தான்.

தெருப் பசங்க சீக்கிரம் கத்துக்கிறாங்க. "அவன் ஏண்ணா காதைப் பொத்திக்கிறான்?"னு ஒரு பாப்பா கேட்டா. "உன் சத்தம் அவனுக்கு ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்கும்"னேன். அவ தள்ளிப் போய்க் கத்தினா. பெரியவங்கதான் கஷ்டம். "அந்தப் பக்கம் போகாத"ன்னு பிள்ளையை இழுக்கிற ஒரு கை போதும், அந்தக் குடும்பம் அடுத்த வாரம் வராது. அப்படி நின்னுபோன ரெண்டு குடும்பம் எனக்குத் தெரியும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு இடத்துக்கு உதவிக்குப் போறீங்கன்னா, சென்ட் அடிக்காம போங்க, போனை சைலண்ட்ல போடுங்க. முதல் நாள் சும்மா தரையில் உக்காந்திருந்தா போதும்.