படம் போட்ட மர்மப் பெட்டி

அக்கா மகளுக்குப் பதினோரு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் இரண்டு பார்சல்களை முன்னால் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த லபுபு பொம்மைப் பெட்டி. உள்ளே எந்த நிறப் பொம்மை இருக்கிறது என்பது பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. இன்னொன்று, இணையத்தில் ஒரு மலிவு விலைக் கடையில் அக்கா 199 ரூபாய்க்கு ஆர்டர் போட்ட செருப்பு.

பொம்மைப் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "நீங்களும் ஆட்டிப் பாருங்க சித்தி, சீக்ரெட்டா இருந்தா சத்தம் வேற மாதிரி வருமாம்" என்றாள். செருப்புப் பார்சலை அவள் தொடவேயில்லை. அதில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியுமே, போனில் படம் பார்த்து வாங்கியதுதானே.

பிரித்தார்கள். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த ஆறு நிறங்களில் ஒன்று வந்தது. படத்தில் தடித்த அடிப்பாகத்தோடு பளபளத்த செருப்போ அப்பளம்போல் மெலிந்து வந்தது. கூடவே மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நெடி. எது மர்மப் பெட்டி என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் பொம்மைப் பெட்டியைப் பார்ப்போம், ஏனென்றால் அதன் கணக்கு வெளிப்படையானது. லபுபு, ஹாங்காங்கைச் சேர்ந்த ஓவியர் காசிங் லுங் 2015இல் உருவாக்கிய பாத்திரம். அதைப் பெட்டியில் மூடி விற்பது 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கிய பாப் மார்ட் நிறுவனம். புகழ்பெற்ற மக்கரான் வரிசையில் ஆறு நிறங்கள், கூடவே அரிதாக வரும் ஒரு 'சீக்ரெட்' பொம்மை. சீக்ரெட் கிடைக்கும் வாய்ப்பு 72இல் 1 என்று நிறுவனமே சொல்லிவிடுகிறது.

72இல் 1 என்றால் 72 பெட்டி வாங்கினால் ஒன்று நிச்சயம் என்று மனம் கணக்குப் போடும். அது தப்புக் கணக்கு. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகக் குலுக்கிப்போட்டது என்று கொண்டால், 72 பெட்டி வாங்கியவர்கள் நூறு பேரில் சுமார் 37 பேர் சீக்ரெட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பத்தில் ஒன்பது பங்கு உறுதி வேண்டுமானால் 165 பெட்டிகள் வாங்க வேண்டும். சீக்ரெட்டை விடுங்கள், ஆறு நிறங்களையும் சேர்க்கவே சராசரியாக 15 பெட்டி ஆகும். பன்னிரண்டு பொம்மை கொண்ட வரிசையென்றால் 37. கடைசி ஒரு பொம்மைக்காக வாங்கும் பெட்டிகளில்தான் ஏற்கெனவே கையிலிருக்கும் நிறங்கள் திரும்பத் திரும்ப வந்து சேரும், காசும் அங்கேதான் கரையும்.

இது தெரிந்தும் ஏன் வாங்குகிறோம்? டோபமைன் என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதிவிடுவது வழக்கம். அந்தப் பெயர் விஷயத்தையே மறைத்துவிடுகிறது. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு நாக்கில் விழுந்தால் அணுக்கள் படபடத்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, சாறு விழும்போது அவை சும்மா இருந்தன, விளக்கு எரியும்போதே துடித்துவிட்டன. விளக்கு எரிந்தும் சாறு வராத நேரத்தில், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அடங்கிப்போனது. ஆக, அந்த அணுக்கள் அளப்பது எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை.

2003இல் அவருடைய குழு இன்னும் ஒரு படி போனது. சாறு கிடைக்கும் வாய்ப்பை 0, 25, 50, 75, 100 சதவீதம் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். சமிக்ஞை வந்த நொடிக்கும் முடிவு தெரியும் நொடிக்கும் நடுவே துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றம் மிக அதிகமாக இருந்தது 50 சதவீதத்தில், வருமா வராதா என்று எந்தப் பக்கமும் சொல்ல முடியாத இடத்தில். இதற்கு என்ன பொருள் கொள்வது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆனால் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்றம் புரியும்.

மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். லக்ஸி ஷென், அய்லெட் ஃபிஷ்பாக், கிறிஸ்டோஃபர் ஷீ என்ற மூவர் 2015இல் வெளியிட்டது. இரண்டு நிமிடத்தில் 1.4 லிட்டர் தண்ணீர் குடித்து முடிக்க வேண்டும். ஒரு பிரிவினருக்கு முடித்தால் 2 டாலர் நிச்சயம். இன்னொரு பிரிவினருக்கு 1 டாலரோ 2 டாலரோ, நாணயம் சுண்டித்தான் தெரியும். நிச்சயப் பரிசுக்காரர்களில் 43 சதவீதம் பேர் குடித்து முடித்தார்கள். நிச்சயமில்லாத, சராசரியில் குறைவான பரிசுக்காக 70 சதவீதம் பேர் முடித்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கையில் வரப்போவது என்ன என்று நிதானமாக எடைபோடச் சொன்னால் மனிதர்கள் நிச்சயமானதையே விரும்புகிறார்கள். தேடி ஓடும் ஓட்டத்தில் மனம் இருக்கும்போதுதான் நிச்சயமின்மை தித்திக்கிறது.

ஓட்டத்தை நிறுத்தாமல் வைத்திருப்பது எப்படி என்பதை மலிவு விலைச் செயலிகள் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கின்றன. திறந்ததும் ஒரு சக்கரம் சுழல்கிறது, கூப்பன் விழுகிறது. மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. 'கடைசி 3 மட்டுமே' என்று சிவப்பில் மின்னுகிறது. ஆர்டர் போட்ட பிறகும் ஓட்டம் முடிவதில்லை. 'அனுப்பிவிட்டோம்', 'உங்கள் ஊருக்கு வந்துவிட்டது', 'இன்று டெலிவரி' என்று நாலைந்து நாள் செய்தி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்தியும் குரங்குக்கு எரிந்த விளக்குதான்.

இதில் விலைக்குத் தனி வேலை இருக்கிறது. பிரையன் நட்சனும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேரை மூளை ஸ்கேனில் படுக்கவைத்துப் பொருளின் படத்தையும் பிறகு விலையையும் காட்டி, வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். பொருள் பிடித்திருந்தால் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி விழித்தது. விலை அதிகம் என்று பட்டால் வலியோடும் அருவருப்போடும் தொடர்புடைய இன்சுலா விழித்தது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியிலிருந்தே, வாங்குவாரா மாட்டாரா என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. 199 ரூபாய் என்ற விலை இந்த இழுபறியில் ஒரு பக்கத்தை ஊமையாக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். 'நல்லா இருந்தா லாபம், இல்லாட்டி போனது இருநூறு ரூபாதானே' என்று அக்கா சொன்னதும் அதைத்தான். ஆனால் அந்த வாக்கியம் பரிசுச் சீட்டு வாங்குபவரின் வாக்கியம். செருப்பு வாங்குபவர் அப்படிப் பேசத் தேவையில்லை.

மூடிய பெட்டியும் மலிவுப் பார்சலும் பிரியும் இடம் விற்பவரிடம் இருக்கிறது. ஜப்பானில் புத்தாண்டுக்கு 'ஃபுகுபுகுரோ' என்று அதிர்ஷ்டப் பைகளை விற்பார்கள். மீந்த சரக்கைக் கழிக்கும் வழிதான் அது. எடோ காலத்துக் கிமோனோ துணிக்கடை ஒன்று வெட்டி மீந்த துணித் துண்டுகளை மூட்டையாக விற்றதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் கொடுத்த காசைவிட அதிக மதிப்புக்குப் பொருள் இருக்கும் என்பது வழக்கத்தில் ஊறிய வாக்குறுதி. விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கடை அடுத்த ஆண்டும் அதே தெருவில்தான் இருக்கும், அதே மனிதர்கள்தான் அதன் முன் போய் நிற்பார்கள் என்பதால் அந்த வாக்கு நிற்கிறது.

கடைக்கு முகம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதினார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்கு 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டார். எந்தக் கார் நல்லது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். நல்லவை விலக, சராசரி இறங்கும். விலையும் இறங்கும். கடைசியில் ஓட்டை வண்டிகள் மட்டும் மிஞ்சும். 'உரியவர் வாங்காத பார்சல்கள், கிலோக் கணக்கில்' என்று சமூக ஊடகங்களில் வரும் மர்மப் பெட்டி விளம்பரத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். உள்ளே போன் இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரிந்தால் அந்தப் பார்சல் உங்கள் கைக்கு ஏன் வருகிறது? எங்கள் தெருப் பெட்டிக்கடையில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் பரிசு பார்ப்போம். பெரிய பொம்மைக்குரிய சீட்டைக் கடைக்காரர் முன்னமே எடுத்து வைத்துவிடுவார் என்று எங்களுக்குள் பேச்சு உண்டு. அகர்லாஃபைப் படிக்காமலே பிள்ளைகள் சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

மலிவு விலை இணையக் கடையில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள். இன்று ஒரு பெயர், அடுத்த மாதம் வேறு பெயர். பொருளை முகர்ந்தோ வளைத்தோ பார்க்க வழியில்லை, திருப்பி அனுப்பும் அலைச்சல் 199 ரூபாயைவிடப் பெரியது. இங்கே அகர்லாஃபின் சந்தைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. கூடுதலாக ஒரு படம் இருக்கிறது. மூடிய பெட்டியைப் பார்த்தால் 'தெரியாது' என்ற நினைப்பாவது இருக்கும். படம் அந்த நினைப்பை அழித்துவிடுகிறது. அதனால்தான் இரண்டில் படம் போட்ட பார்சலையே ஆபத்தானதாக நினைக்கிறேன்.

ஆபத்து என்ற சொல்லை அளந்துதான் எழுதுகிறேன். ஐரோப்பியப் பொம்மைத் தொழில் கூட்டமைப்பு டெமு என்ற மலிவு விலை இணையத் தளத்தில் 19 பொம்மைகளை வாங்கிச் சோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டது. ஒன்றுகூட ஐரோப்பிய விதிகளுக்கு முழுமையாக உட்படவில்லை, 18 பொம்மைகளில் குழந்தைக்கு உண்மையான ஆபத்து இருந்தது. அது போட்டி நிறுவனங்களின் சங்கம், அதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு சியோல் மாநகராட்சி தானே இணையக் கடைகளில் பொருள் வாங்கிச் சோதித்தது. ஒரு குழந்தைக் காலணியில் தாலேட் அளவு வரம்பைப்போல 428 மடங்கு இருந்தது.

தாலேட் என்பது என்ன? பி.வி.சி. பிளாஸ்டிக் இயல்பில் தண்ணீர்க் குழாய்போல் விறைப்பானது. எண்ணெய் போன்ற தாலேட் திரவத்தைக் கலந்தால் அதன் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை வழுக்கச் செய்யும், பிளாஸ்டிக் தோல்போல் வளையும். ஆனால் அது இழைகளோடு வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை, இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு, வியர்வை, எச்சில் பட்டால் மெல்ல வெளியே கசியும். டி.இ.எச்.பி. போன்ற சில தாலேட்டுகள் உடலின் ஹார்மோன் வேலையைக் குலைப்பவை. குழந்தைப் பொருள்களில் அவற்றுக்கு வரம்பு எடையில் 0.1 சதவீதம். 428 மடங்கு என்றால் சோதித்த பகுதியின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்தத் திரவம். அதைத் தவறுதலாகச் சேர்ந்த அழுக்கு என்று சொல்ல முடியாது. மலிவான மென்மைக்கு அதுதான் மூலப்பொருள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2024இல் இப்படிப்பட்ட குறைந்த மதிப்புப் பார்சல்கள் சுமார் 460 கோடி நுழைந்தன, நாளொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம். எந்தச் சுங்கத் துறை இவ்வளவையும் பிரித்துப் பார்க்கும்? கப்பலில் வரும் ஒரு கண்டெய்னரில் பத்துச் செருப்பை எடுத்துச் சோதித்தால் பத்தாயிரம் ஜோடிக்கும் பதில் கிடைத்துவிடும். தனித்தனி உறையில் வரும் பத்தாயிரம் ஜோடிக்கு அந்த வழி இல்லை.

சட்டம் எதைக் கவனித்திருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2021 மே மாதம் சீனாவின் செங்டு நகரில், மர்மப் பெட்டியாக விற்கப்பட்ட நாய்க்குட்டிகளும் பூனைக்குட்டிகளும் சுமார் 160, பார்சல் பொட்டலங்களுக்குள் மூச்சுத்திணறிக் கிடந்ததை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். 2023இல் அந்நாடு மர்மப் பெட்டிகளுக்கென்றே நெறிமுறை கொண்டுவந்தது: உயிருள்ள விலங்குகளை விற்கக் கூடாது, எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது, வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும். படம் போட்ட பார்சலுக்கு இப்படி விகிதம் கேட்பவர் இல்லை. 'இந்த விற்பனையாளரின் பொருள் நூற்றில் இத்தனை முறை சோதனையில் தேறியது' என்று படத்தின் கீழே ஒரு வரி இருந்தால் எப்படி இருக்கும்! டெமுவின் விளையாட்டுப் பரிசுகள் அடிமைப்படுத்தும் வடிவமைப்பா என்று ஐரோப்பிய ஆணையம் 2024 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், பொய்யான அவசரம் உட்பட 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. பின்னோக்கி ஓடும் அந்தக் கடிகாரம் பொய்யென்றால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இதை என்னைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை, எனக்கு அது மிகவும் வருத்தம்.

செருப்பைப் பால்கனியில் வெயிலில் வைத்திருந்தோம். நான்காம் நாள் அக்கா மகள் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "நெடி போயிடுச்சு சித்தி, போட்டுக்கவா?"

பறந்துபோனது வேறு ஏதோ கரைப்பான். தாலேட்டுக்குச் சொல்லும்படி வாசனையே கிடையாது. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, எதில் செய்தது என்று இல்லை. அடிப்பாகத்தில் 3 என்ற அளவு எண் மட்டும் அச்சாகியிருந்தது. காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.