உங்களுக்குத் தெரியுமா? கூட்டணி மாறியிருந்தால்...

யாரோடு யார் சேர்வது என்ற முடிவிலேயே பல லட்சம் பேரின் தலையெழுத்து எழுதப்பட்டுவிடுகிறது. மயிரிழையில் வேறு பக்கம் சாய்ந்திருக்கக்கூடிய ஆறு முடிவுகள் இதோ.

● பறிபோன கப்பல்கள்: மக்கள் தந்த நன்கொடையும் சேர்த்து, பிரிட்டனில் கட்டப்பட்டுவந்த இரண்டு போர்க்கப்பல்களுக்குத் துருக்கி பணம் கட்டியிருந்தது. ஓட்டிச் செல்ல மாலுமிகளும் வந்து காத்திருந்தார்கள். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது, பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் சர்ச்சில் இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஜெர்மனியோ தன் இரண்டு கப்பல்களைத் துருக்கிக்குத் தந்தது. ஜெர்மன் மாலுமிகள் துருக்கிக் குல்லாவை மாட்டிக்கொண்டார்கள். அக்டோபர் இறுதியில் அவை ரஷ்யத் துறைமுகங்களைச் சுட, துருக்கி போரில் இறங்கியது. ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தாலும், அதுவரை துருக்கி அமைச்சர்கள் இரண்டுபட்டே கிடந்தார்கள். கப்பல்கள் கைக்கு வந்திருந்தால் நடுநிலை கேட்டவர்கள் பேச்சு எடுபட்டிருக்கலாம். துருக்கிக் கரையில் கலிப்போலி படுகொலைக்களம் இல்லாமலே போயிருக்கலாம்.

● பேரம் பேசிய இத்தாலி: 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியின் கூட்டாளி இத்தாலி. 1915 ஏப்ரலில் லண்டனில் எதிரணியோடு ரகசிய ஒப்பந்தம். மே 23-ல் பழைய கூட்டாளி ஆஸ்திரியா மீதே போர்! வாக்களிக்கப்பட்ட அட்ரியாட்டிக் கரையோர டால்மேஷியா, வெற்றிக்குப் பிறகு முழுதாகக் கிடைக்கவில்லை. அந்த மனக்குமுறலை முசோலினி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். வாக்கு காப்பாற்றப்பட்டிருந்தால் அவர் இத்தனை எளிதாக வளர்ந்திருப்பாரா?

● பின்லாந்துக்குக் கிளம்பாத படை: இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்த 1939 நவம்பரில் சோவியத் யூனியன் பின்லாந்தைத் தாக்கியது. உதவிக்குப் படை அனுப்ப பிரிட்டனும் பிரான்சும் திட்டமிட்டன. நார்வேயும் ஸ்வீடனும் வழிவிட மறுத்தன. 1940 மார்ச்சில் பின்லாந்து சமாதானம் செய்துகொண்டது. படை போயிருந்தால், ஹிட்லரோடு ஸ்டாலினும் நேச நாடுகளுக்கு எதிரியாகியிருப்பார்.

● இரு நாடு, ஒரே அரசு: 1940 ஜூன் 16. பிரிட்டனும் பிரான்சும் ஒரே நாடாக இணையலாம், பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவரும் உடனே பிரிட்டிஷ் குடிமகன் ஆகலாம் என்று சர்ச்சில் அமைச்சரவை முன்வந்தது. லண்டனிலிருந்து தொலைபேசியில் பிரெஞ்சுத் தளபதி டி கால் அதை வாசிக்க, போர்தோவில் இருந்த பிரெஞ்சுப் பிரதமர் ரெய்னோ எழுதிக்கொண்டார். அவருடைய அமைச்சர்கள் ஏற்கவில்லை. அன்றிரவே ரெய்னோ விலக, பெத்தான் வந்தார். ஜெர்மனியிடம் சரணடைய வழி பிறந்தது. ஜூலை 3-ல் அதே பிரிட்டன் மெர்ஸ்-எல்-கெபிரில் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டது; சுமார் 1,300 மாலுமிகள் மாண்டார்கள். இணைப்பு நடந்திருந்தால் அந்தக் கப்பல்கள் ஒரே அணியில் நின்றிருக்கும்.

● ஃபிராங்கோ கேட்ட விலை: 1940 அக்டோபர் 23, எல்லையோர ஹெண்டே ரயில் நிலையம். ஸ்பெயினைப் போருக்கு அழைத்தார் ஹிட்லர். தானியம், ஆயுதம், பிரெஞ்சு மொராக்கோ என்று பட்டியல் நீட்டினார் ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோ. இன்னொரு தடவை இவரோடு பேசுவதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று முசோலினியிடம் ஹிட்லர் நொந்துகொண்டார். பேரம் படிந்திருந்தால் பிரிட்டன் வசமிருந்த ஜிப்ரால்டர் விழுந்து, மத்தியதரைக் கடலின் மேற்கு வாசல் பிரிட்டனுக்கு அடைபட்டிருக்கும்.

● கட்டாயமில்லாமல் அறிவித்த போர்: 1941 டிசம்பர் 7, ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் செய்துகொண்ட 1940-ன் முத்தரப்பு ஒப்பந்தப்படி, ஜப்பான் தாக்கப்பட்டால்தான் ஜெர்மனி உதவ வேண்டும், தாக்கியதே ஜப்பான். ஆனாலும் டிசம்பர் 11-ல் அமெரிக்கா மீது ஹிட்லர் போர் அறிவித்தார். சும்மா இருந்திருந்தால், அமெரிக்காவின் பலமெல்லாம் முதலில் பசிபிக் பக்கம் திரும்பியிருக்கலாம். ஐரோப்பாவுக்குப் போக அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஹிட்லர்தான்.