மருதமடுக் காட்டில் ஒரு கொட்டில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல் நிலத்தின் அடியில் தேங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி இறைத்தே எம் முன்னோர் தோட்டம் செய்தனர். பனையையும் வேலியையும் ஒழுங்கையையும் கண்டு வளர்ந்த குடாநாட்டுப் பிள்ளைக்கு, ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்வது வேறோர் உலகிற்குள் புகுவதற்கு ஒப்பாகும். அங்கே பாலையும் முதிரையும் வீரையும் செறிந்த காடுகள் உள்ளன. இரணைமடு, கட்டுக்கரை எனக் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் குளங்கள் உள்ளன. அநுராதபுரப் பக்கமிருந்து இறங்கி மன்னார்க் கடலில் கலக்கும் அருவியாறு உள்ளது. இந்த வன்னிப் பெருநிலத்தை எம் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தமைக்கு மடுத் திருவிழாவே காரணமாயிற்று.

அக்காலத்தில் மடுவுக்குப் போவதென்றால் ஒரு நாட் பயணமாக முடிவதில்லை. அரிசி, மா, மிளகாய்த்தூள், புளி, பாய், சட்டி பானை அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மாட்டின் கழுத்து மணியோசை கேட்கக் காட்டுப் பாதையில் இரவிரவாகப் பயணம் செய்தனர். 1914 இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் மடு வீதி நிலையத்தில் இறங்கி வந்தோரும் பலர். நவநாள் தொடங்குமுன் மர நிழலில் இடம் பிடித்து, தடி நட்டு, கிடுகு வேய்ந்து கொட்டில் அமைப்பர். ஒரே அடுப்பில் உறவினர் பலருக்கும் சோறு வேகும். அயற் கொட்டிலில் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். மொழி புரியாவிடினும் உப்பும் தேங்காயும் கைமாறும். மாலையில் செபமாலை, நற்கருணை ஆசீர். திரும்பும்போது ஒரு பிடி மடு மண். பிள்ளைகளுக்கு அதுவே ஆண்டின் பெரிய விடுமுறை. பெற்றோருக்கு அதுவே ஆண்டின் பெரிய செபம். இவ்விரண்டையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

அண்மையில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை இங்கே கூற விரும்புகின்றோம். மகன் கனடாவிலிருந்து தன் பிள்ளைகளுடன் ஆவணித் திருவிழாவுக்கு வந்திருந்தார். ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிகளும் ஆறுகளும் காடுகளும் நிறைந்த பெரும் பிரதேசம் ஒன்று உண்டு. 1893 இல் அமைக்கப்பட்ட அல்கொங்குவின் வனப்பூங்கா அங்கேதான் உள்ளது. கோடை விடுமுறையில் அங்கு சென்று ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது அப்பிள்ளைகளுக்குப் பழக்கமான மகிழ்ச்சி. ஆகவே மடுவிலும் காட்டிலேயே தங்கவேண்டும் என்று பேரன் கேட்டான். அப்பம்மாவையும் அழைத்தான்.

அந்த மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நான் கொட்டிலுக்குள்ள படுத்தது காணும் அப்பு. நீங்கள் போட்டு வாங்கோ" என்று மட்டும் கூறினார்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்தை விட்டு வெளியேறிய பல இலட்சம் மக்களுள் அவரும் ஒருவர். கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குச் சென்று, இறுதியில் மடு வளாகத்திலேயே தறப்பாள் கொட்டில் ஒன்றில் மூன்று ஆண்டுகளைக் கழித்தவர். மழைக்காலத்தில் நிலம் ஊறும். பிள்ளைகளை மடியில் வைத்தபடியே விடியும்வரை விழித்திருப்பார். பேரனுக்குக் கூடாரம் விளையாட்டாய் இருந்தது. அப்பம்மாவுக்கு அது ஆறாத காயம். இவர்களுள் யார் கூறுவது சரி?

இக்கேள்விக்கு மடுவின் வரலாறே விடை கூறுகின்றது. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபின் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1670 அளவில் மாந்தையைச் சேர்ந்த ஏறத்தாழ இருபது குடும்பங்கள், தம் ஆலயத்தில் இருந்த அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் தஞ்சம் புகுந்தன என்று எம் மரபு கூறுகின்றது. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. மடுவில் முதன்முதல் கொட்டில் போட்டவர்கள் திருவிழாவுக்கு வந்த யாத்திரிகர் அல்லர். உயிரையும் விசுவாசத்தையும் காக்க ஓடிவந்த அகதிகள். அவ்விசுவாசத்தைத் தேடியே 1687 இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் இந்நாட்டுக்கு வந்து, எம் குடாநாட்டிலும் மறைவாகப் பணியாற்றினார்.

அந்த அகதிகளின் காடே பிற்காலத்தில் திருவிழாத் தலமாயிற்று. 1924 ஆம் ஆண்டு யூலை 2 ஆம் நாள் அன்னையின் திருச்சொரூபத்திற்கு முடி சூட்டப்பட்டது. பின்னர் போர் வந்தபோது அதே காடு மீண்டும் அகதிகளின் புகலிடமாயிற்று. 1990 முதல் பல்லாயிரவர் அங்கே தங்கினர். 1999 நவம்பர் 20 ஆம் நாள் இரவு எறிகணைகள் வீழ்ந்து, அங்கு தஞ்சமடைந்திருந்தோருள் ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர். 2008 ஏப்பிரலில் அன்னையின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேரிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அது திரும்பி வந்தது. 2015 சனவரி 14 ஆம் நாள், யோசேவ் வாஸ் அடிகளாரைக் கொழும்பில் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று மாலையே மடுவுக்கு வந்து, துன்புற்ற குடும்பங்களோடு சேர்ந்து செபித்தார்.

பழைய ஏற்பாட்டில் இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கட்டளையிட்ட திருவிழாக்களுள் கூடாரத் திருவிழாவும் ஒன்று. ஆண்டில் ஏழு நாள்கள் தம் உறுதியான வீடுகளை விட்டுவிட்டு, கிளைகளாலும் குழைகளாலும் அமைத்த கூடாரங்களில் அவர்கள் குடியிருக்க வேண்டும். எகிப்திலிருந்து தாம் அழைத்து வந்தபோது அவர்களின் முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறையினர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம் (லேவியர் 23:42-43). பாலைநிலத்து நாள்கள் இன்பமான நாள்களா? பசியும் தாகமும் சாவும் கண்ட நாள்கள் அவை. ஆயினும் அவற்றை மறந்துவிடும்படி இறைவன் கூறவில்லை. அந்நாள்களை மகிழ்ச்சியோடு நினைவுகூரும்படி கூறினார். ஏனெனில் அக்கூடாரங்களின் நடுவே அவரும் இருந்தார்.

அப்பம்மாவின் தறப்பாளும் பேரனின் கூடாரமும் சந்திக்கும் இடம் இதுவே. துன்பத்தைக் கண்டவர் வாய் திறவாவிடில், பிள்ளைக்குக் காடு வெறும் காட்சியாகவே எஞ்சும். பிள்ளை மகிழ்ச்சியோடு வந்து தங்காவிடில், முதியவருக்குக் காடு என்றும் அச்சமாகவே எஞ்சும்.

புலம்பெயர்ந்த எம் உறவுகளும் இதை உணர்ந்தே வாழ்கின்றனர். கனடாவில் ஜோர்ஜியன் குடாவின் கரையில் மிட்லண்ட் என்னும் ஊரில் மறைச்சாட்சிகளின் திருத்தலம் உள்ளது. 1642 முதல் 1649 வரையான ஆண்டுகளில் உயிர்துறந்த இயேசு சபையினர் எண்மரின் நினைவுக்குரியது அது. அங்கே ஆண்டுதோறும் தமிழ்க் கத்தோலிக்கர் திருயாத்திரை செல்கின்றனர். வடநாட்டு ஏரிக்கரையில் மரநிழலில் பாய் விரித்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து உண்ணும்போது அவர்கள் மடுவையே நினைவில் கொள்கின்றனர் என்று அங்கிருந்து வருவோர் கூறக் கேட்கின்றோம்.

ஆனால் இங்கே இருக்கும் நாம் எவ்வாறு மடுவுக்குச் செல்கின்றோம்? விடியற்காலையில் வாகனத்தில் புறப்பட்டு, திருப்பலி முடிந்ததும் படம் எடுத்து, பொதிச் சோற்றை உண்டு, மாலைக்குள் வீடு திரும்பிவிடுகின்றோம். பிளாஸ்டிக் போத்தல்களும் சோற்றுத் தாள்களும் மரத்தடியில் கிடக்கின்றன. யானைகளும் மான்களும் வாழும் அக்காட்டின் ஒரு பகுதி 2015 இல் மடு வீதித் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எம் முன்னோரை மறைத்துக் காத்த காட்டை நாமே மாசுபடுத்தலாமா?

ஓய்வு தீமையானதன்று. பணி முடித்துத் திரும்பிய சீடருக்கு உண்ணவும் நேரமில்லாதிருந்ததைக் கண்ட இயேசு, தனிமையான இடத்திற்குச் சென்று சற்று இளைப்பாறுமாறு அவர்களை அழைத்தார் (மாற்கு 6:31). எனினும் அங்கே அவர்களுக்கு முன்பாகவே மக்கள் கூட்டம் வந்து காத்திருந்தது. அவர் சினம் கொள்ளவில்லை, பரிவு கொண்டார். அயலவருக்கும் இடம் உள்ள ஓய்வே கிறிஸ்தவ ஓய்வு. பழைய திருவழிபாட்டு நாட்காட்டியில் யூலை 2, மரியா எலிசபெத்தைச் சந்தித்த திருநாள். ஆடித் திருவிழா இன்றும் அந்நாளிலேயே கொண்டாடப்படுகின்றது. அன்னையும் பயணம் செய்தார். மலைநாட்டுக்குச் சென்று, முதிய உறவினருடன் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் (லூக்கா 1:39-56).

ஆகவே அன்பார்ந்த குடும்பங்களே, அடுத்த திருவிழாவுக்கு ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு மூன்று நாள்களையேனும் ஒதுக்குவோம். வீட்டில் உள்ள முதியவரையும் அழைத்துச் செல்வோம். இரவுச் செபமாலையின் பின் கைத்தொலைபேசிகளை ஒதுக்கிவைத்து, அவர்கள் கண்டதைக் கூறக் கேட்போம். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம்.

அந்த மூதாட்டி இறுதியில் மடுவுக்குப் போனாரா என்று நீங்கள் கேட்கலாம். போனார். இரவில் கொட்டில் வாசலில் அமர்ந்து, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த மரத்தடியில் தம் தறப்பாள் இருந்தது என்று காட்டினார். பின்னர், அதே மரத்தடியில் அயற் கொட்டிலில் இருந்து இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரைக் கூறி, அவளுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லும்படி அவனிடம் கேட்டார். பேரன் தனக்குத் தெரிந்த தமிழில் அதைச் சொன்னான். அன்றிரவு அவர் நன்றாக உறங்கினார்.

மருதமடு மாதாவே, காட்டில் எமக்குப் புகலிடம் தந்தவரே, எம் பிள்ளைகளின் மகிழ்ச்சியையும் எம் முதியோரின் கண்ணீரையும் ஒரே கொட்டிலில் ஒன்றுசேர்த்தருளும். ஆமென்.