மானைச் சுட அனுமதி உண்டு. வலியில்லாமல் சுடணும்னு விதி உண்டா?

உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் இப்படி ஒரு வீடியோ வந்திருக்கும். காட்டுப்பன்றி கிளறிப்போட்ட மரவள்ளித் தோட்டம், கீழே “சுட்டுத் தள்ளுங்க” என்று வரிசையாகப் பதில்கள். வட இந்தியாவில் இதே கோபம் நீல்காய் மீது. மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மான் அது. வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும்.

எந்த விலங்கை, எந்த மாவட்டத்தில் ‘தீங்குயிரி’ என்று அறிவிப்பது என்பதை முடிவு செய்வது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். 2014 வரை டெல்லி லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில் இருந்தது, இப்போது பக்கத்திலேயே ஜோர் பாக்கில் இருக்கிறது. சுடலாமா என்று அங்கே நிறைய விவாதம் நடந்திருக்கிறது. எப்படிச் சுடுவது என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல். அப்போது உரிமம் பெற்று வேட்டையாட முடிந்தது. இரவில் கூடாது, வாகனத்திலிருந்து கூடாது, பெரிய விலங்கை ரைபிளால்தான் சுட வேண்டும் என்றெல்லாம் 17-வது பிரிவில் கட்டுப்பாடுகள் இருந்தன. 1991 திருத்தம் வேட்டை உரிமத்தையே ஒழித்தது. கூடவே அந்தக் கட்டுப்பாடுகளும் போயின.

இன்று இரண்டு வழிகள்தான் உண்டு. 11-வது பிரிவின்படி, மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கைச் சுட தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரலாம். 62-வது பிரிவின்படி, மத்திய அரசு குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் ஒரு விலங்கைத் தீங்குயிரி என்று அறிவிக்கலாம். இந்த இரண்டும் இல்லாமல் நீங்கள் சுட்டால், உங்கள் வயலாகவே இருந்தாலும், குற்றம்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: விலங்கைப் பிடித்து இடம் மாற்றும்போது அதற்கு முடிந்தவரை குறைந்த அதிர்ச்சியே ஏற்பட வேண்டும் என்று 11-வது பிரிவு சொல்கிறது. சுடும்போது என்ன செய்யணும்? அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

பிகாரில் என்ன நடந்தது?

2015 டிசம்பரில் பிகாரின் பல மாவட்டங்களில் நீல்காய் தீங்குயிரியாக அறிவிக்கப்பட்டது. 2016 ஜூனில் மொகாமாவில் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட வேட்டைக்காரர்கள் சில நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்களைச் சுட்டார்கள். அப்போது மத்திய அமைச்சர்களாக இருந்த மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது, தடை கிடைக்கவில்லை.

2019-ல் வைசாலி மாவட்டத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. குண்டடிபட்டும் சாகாத நீல்காயை ஜேசிபி குழிக்குள் தள்ளி, உயிரோடு மண்ணைப் போட்டு மூடியது. நாடே கொதித்தது. முதல் குண்டு சரியான இடத்தில் பட்டிருந்தால் அந்தக் காட்சியே இருந்திருக்காது.

சரியான இடம் எது?

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி. ஒரு நடுத்தர மானில் அது சுமார் 20 செ.மீ. அகலம், ஒரு சின்னத் தட்டு அளவு. அங்கே பட்டால் ரத்த அழுத்தம் சரிந்து சில நொடிகளில் நினைவு போய்விடும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் துடிக்கும். காலில் பட்டால் ஓடிப்போய் எங்கோ புதரில் சாகும்.

துப்பாக்கியைச் சரிபார்ப்பது எப்படி?

ஸ்கோப் குழலுக்கு மேலே சில சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பார்வை நேர்கோட்டில் போகும். குண்டு வளைந்து போகும். இரண்டையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில், வழக்கமாக 100 மீட்டரில், சந்திக்க வைப்பதுதான் ‘ஜீரோ’ செய்வது.

துப்பாக்கியை அசையாமல் தாங்கலில் வைத்துக் காகிதத்தில் மூன்று முறை சுட வேண்டும். ஒரு ஓட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மூன்றின் நடுப்புள்ளியைப் பார்க்கணும். அது 7 செ.மீ. இடப்பக்கம் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு ‘கிளிக்’ 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும். ஆக, வலப்பக்கம் 10 கிளிக். பிறகு மறுபடியும் மூன்று முறை சுட்டுப் பார்க்கணும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? 100 மீட்டரில் 7 செ.மீ. விலகல் 200 மீட்டரில் 14 செ.மீ. ஆகிவிடும். 20 செ.மீ. வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு 10 செ.மீ.தான். அதாவது, கை துளியும் நடுங்காமல் சுட்டாலும் குண்டு வட்டத்துக்கு வெளியே. ஜீப்பில் ஸ்கோப் இடிபட்டாலோ, தோட்டா வகை மாறினாலோ மறுபடியும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

நம் விவசாயிகளிடம் பெரும்பாலும் இருக்கும் 12 போர் துப்பாக்கியில் ஸ்கோப்பும் இல்லை, குழலுக்குள் மரைவெட்டும் இல்லை. 50 மீட்டரைத் தாண்டினால் அதன் குறியை நம்ப முடியாது.

மற்ற நாடுகளில்?

நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட ஒவ்வோர் ஆண்டும் தேர்வு உண்டு. முதலில் 30 பயிற்சிச் சூடு, பிறகு 100 மீட்டரில் ஐந்து குண்டுகளும் 30 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும். காயம்பட்ட விலங்கைத் தேட மோப்ப நாய்க்கும் ஏற்பாடு இருக்கணும். இங்கிலாந்தில் மானைச் சுடும் ரைபிளுக்குக் குறைந்தபட்ச அளவையும் ஆற்றலையும் 1991 சட்டமே வரையறுத்திருக்கிறது.

நம் பக்கம்?

கேரளா 2022-ல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்றும் சொன்னது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 1 கி.மீ.க்குள் இரண்டும் கூடாது.

பயிரை இழந்தவரின் கோபம் நியாயமானதுதான். சுடுவதே சரியா என்ற விவாதமும் தொடரட்டும். ஆனால் அடுத்த முறை குழுவில் “சுட்டுத் தள்ளுங்க” என்று வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அனுமதி யாருடையது? சுடுபவர் கடைசியாக எப்போது காகிதத்தில் சுட்டுக் குறி பார்த்தார்? அடிபட்டு ஓடும் விலங்கைத் தேடிப்போய் அதன் வலியை முடிப்பது யார் பொறுப்பு? முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் பதில் எழுத வேண்டியது லோதி ரோடு பக்கத்து அமைச்சகமும் மாநில வனத்துறைகளும்தான்.