4 நாள் மாலத்தீவு டிரிப்: விளம்பரத்தில் ஒரு விலை, கடைசி பில்லில் ஒரு விலை... இடையில் என்ன நடக்குது?

நீலக் கடல், தண்ணீருக்கு மேல் மர வீடு, ஊஞ்சல், கையில் இளநீர். கல்யாண சீசன் வந்தாலே இன்ஸ்டா ரீல்ஸில் மாலத்தீவு ஓடிக்கொண்டே இருக்கும். கீழே சின்னதாக ஒரு வரி: "ஒரு இரவு இவ்வளவுதான்!" அதைப் பார்த்து "அட, கையில இருக்கிற காசுக்கு போயிட்டு வந்துடலாமே" என்று கணக்குப் போடுபவர்கள் நிறைய பேர். ஆனால் ஊருக்குத் திரும்பும் நாளில் வரும் பில்லைப் பார்த்து ஷாக் ஆகிறவர்களும் அதே அளவு இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருக்கும் விலை ஏன் கடைசியில் கிட்டத்தட்ட டபுள் ஆகிறது? ஒரு ரிசார்ட் தீவு எப்படி இயங்குகிறது? பட்ஜெட்டில் போக வழி இருக்கா? விரிவாகப் பார்க்கலாம்.

மாலத்தீவு எவ்வளவு பெரிய நாடு?

திருவனந்தபுரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 600 கிலோமீட்டர் தூரம்தான். ஏறத்தாழ 1,200 குட்டித் தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பது சுமார் 200 தீவுகளில் மட்டுமே. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். 426 சதுர கிலோமீட்டர் உள்ள சென்னை மாநகராட்சியை விடச் சின்ன நாடு!

இந்தத் தீவுகள் பவளப் பாறைகளின் மேல் உருவானவை. மோதிரம் மாதிரி வட்டமாகப் பவளப் பாறை, நடுவில் ஆழம் குறைந்த அமைதியான கடல். இப்படிப்பட்ட தீவுக் கூட்டத்தை உலகமே 'அடோல்' என்கிறது. அந்தச் சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான்.

அந்த வெள்ளை மணலுக்கும் ஒரு கதை உண்டு. கிளிமீன் என்று சொல்லப்படும் மீன்கள் பாறையைக் கொத்தித் தின்று, செரிக்காத பவளத்தைத் தூளாக வெளியேற்றும். ரீல்ஸில் நாம் பார்க்கும் கடற்கரை மணலில் கணிசமான பங்கு அந்த மீன்களின் கழிவு!

ரிசார்ட் கலாசாரம் எப்போது தொடங்கியது?

1972ஆம் ஆண்டு. தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புத் தீவில் 'குரும்பா' என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. திவேஹியில் குரும்பா என்றால் இளநீர்க் காய். தமிழில் தென்னை, பனையின் இளங்காயை 'குரும்பை' என்று சொல்வது ஞாபகம் வருதா?

அதன்பிறகு உருவானதுதான் 'ஒரு தீவு, ஒரு ரிசார்ட்' என்ற முறை. மக்கள் குடியிருக்காத ஒரு தீவை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, தீவு முழுவதையும் ஒரே ரிசார்ட்டாக மாற்றிவிடுவார்கள். வெளிஆள் யாரும் வர முடியாது. அந்தத் தனிமைக்குத்தான் முதல் விலை.

ஒரு ராத்திரிக்கு ஏன் இவ்வளவு காசு?

நம்ம ஊர் ஹோட்டலுக்கு கரண்ட் கம்பியில் வரும், தண்ணீர் குழாயில் வரும், காய்கறி மார்க்கெட்டிலிருந்து வரும். ரிசார்ட் தீவில் இது எதுவுமே கிடையாது.

கரண்ட்: தீவிலேயே ஜெனரேட்டர் வைத்து டீசலில் தயாரிக்க வேண்டும். இப்போது சில இடங்களில் சோலார் கொஞ்சம் கைகொடுக்கிறது.

தண்ணீர்: கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் தீவிலேயே ஓட வேண்டும். ஷவரில் நிமிடக்கணக்கில் ஓடும் தண்ணீருக்குப் பின்னாலும் டீசல் எரிகிறது.

சாப்பாடு: மீனும் தேங்காயும் போக, கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, வெங்காயம், முட்டை எல்லாம் இந்தியாவிலிருந்து தனி ஒதுக்கீட்டின் கீழ் போகின்றன. தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் சரக்கு போவது பல காலமாக நடக்கும் வியாபாரம். அங்கிருந்து இங்கே வந்ததுதான் நம்ம 'மாசிக் கருவாடு'.

ஊழியர்கள்: உள்ளூர்க்காரர்களோடு வங்கதேசம், இந்தியா, இலங்கை எனப் பல நாட்டுத் தொழிலாளர்கள் அதே தீவில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அறை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அங்கேயே. விருந்தினர் கண்ணில் படாத ஒரு குட்டி ஊரே ரிசார்ட்டின் பின்பக்கம் இயங்கும்.

சரி, பில் எப்படி ஏறுகிறது?

இங்கேதான் கவனம் தேவை. பல வெப்சைட்டுகளில் முதலில் தெரிவது வெறும் அறை வாடகை. அதற்கு மேல் இவை வரும்:

- 10% சேவைக் கட்டணம். இது ஊழியர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது.
- 17% சுற்றுலா ஜிஎஸ்டி. 2025 ஜூலை முதல் 16 சதவீதத்திலிருந்து உயர்ந்தது. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு இந்த வரி.
- பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர்.
- விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் படகு அல்லது கடல் விமானக் கட்டணம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி இரண்டு பேர், 4 இரவு. அறை வாடகை இரவுக்கு 400 டாலர். மொத்தம் 1,600 டாலர்.

சேவைக் கட்டணம் 160 சேர்த்தால் 1,760. அதற்கு 17% வரி சுமார் 299. ஆக 2,059. பசுமை வரி இரண்டு பேருக்கு 4 நாளுக்கு 96. இப்போது 2,155. கடல் விமானத்துக்குப் போக வர ஆளுக்கு 500 டாலர் என்று வைத்தால் இன்னும் 1,000.

கடைசித் தொகை: சுமார் 3,155 டாலர். 1,600 எங்கே, 3,155 எங்கே! இதில் மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு, படகுச் சவாரி எதுவும் சேரவில்லை. சென்னையிலிருந்து போகும் விமான டிக்கெட்டும் தனி.

கடல் விமானத்தில் என்ன சிக்கல்?

வெலானா சர்வதேச விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில்தான் இருக்கிறது. அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்பீட் போட், தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம்.

கடல் விமானம் தண்ணீரிலேயே ஏறி, தண்ணீரிலேயே இறங்கும். விமானி அலையையும் காற்றையும் கண்ணால் பார்த்து இறக்க வேண்டும் என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே ஓடும். மாலை 3.30 மணிக்குள் மாலேவில் இறங்கிவிடும்படி பல ரிசார்ட்டுகள் சொல்வது இதனால்தான். அதற்கு மேல் இறங்கினால் ஒரு ராத்திரி மாலேவிலோ பக்கத்தில் ஹுல்ஹுமாலேவிலோ அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். ரிசார்ட்டில் புக் செய்த முதல் இரவுக் காசு வீண். "டிக்கெட் சீப்பா கிடைச்சுது" என்று சாயங்கால விமானத்தில் போய் மாட்டிக்கொள்பவர்கள் இங்கேதான் காசு இழக்கிறார்கள்.

லக்கேஜுக்கும் கட்டுப்பாடு உண்டு. பொதுவாக 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. அதற்கு மேல் கிலோவுக்குக் காசு.

குறைந்த செலவில் போகவே முடியாதா?

முடியும். 2009 வரை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ரிசார்ட்டில் மட்டுமே தங்க முடிந்தது. அதன்பிறகு மக்கள் வசிக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி இதில் பிரபலமான தீவு. மாலேவிலிருந்து ஸ்பீட் போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரசுப் படகில் போனால் இன்னும் மலிவு. ஆனால் நேரம் அதிகம், வெள்ளிக்கிழமை விடுமுறை நாள் என்பதால் படகு இருக்கா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

50 அறை வரை உள்ள விருந்தினர் இல்லங்களில் பசுமை வரியும் பாதி, அதாவது 6 டாலர். பணம் நேராக உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போகிறது என்பது இன்னொரு நன்மை.

ஆனால் இது முஸ்லிம் நாடு. மக்கள் வசிக்கும் தீவில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று 'பிகினி பீச்' எனத் தனியாக ஒதுக்கிய கடற்கரை இருக்கும். மற்ற இடங்களில் தோளும் முட்டியும் மறைய உடுத்த வேண்டும். ரிசார்ட் தீவுகளில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை.

படகுச் சவாரியில் எதைக் கவனிக்கணும்?

அங்கே பாரம்பரியப் படகுக்குப் பெயர் 'தோனி'. கேட்டதும் நம்ம தோணிதானே என்று தோன்றும். டால்பின் பார்க்க, மணல் திட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட, கடலுக்கடியில் மீன் பார்க்க என்று தினமும் படகுகள் கிளம்பும்.

பா அடோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடா, ஆனைத்திருக்கை மீன்கள் கூட்டமாக வரும் இடம். யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பகுதியில் இருக்கிறது. அங்கே ஸ்நார்கெலிங் மட்டுமே செய்யலாம், ஸ்கூபா டைவிங்குக்கு அனுமதி இல்லை. ஜூன் முதல் நவம்பர் வரை அதற்கு நல்ல சீசன். அதேசமயம், கடல் அமைதியாகவும் வானம் தெளிவாகவும் இருப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் நீரோட்டம் மிகப் பலமாக இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். லைஃப் ஜாக்கெட் இல்லாமலும் தனியாகவும் இறங்கக் கூடாது. சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் தண்ணீர் வீட்டுக்குப் பதில் கரையில் உள்ள அறையை எடுப்பதே பாதுகாப்பு. ஸ்கூபா டைவ் செய்தால், அடுத்து விமானம் ஏறுவதற்குள் 18 முதல் 24 மணி நேர இடைவெளி வேண்டும். கடல் விமானமும் விமானம்தான்!

விசா? எதைக் கொண்டு போகக் கூடாது?

இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் சுற்றுலா விசா இலவசம். தங்குமிட புக்கிங், திரும்பும் டிக்கெட் காட்ட வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசுத் தளத்தில் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள், இ-சிகரெட் ஆகியவற்றைக் கொண்டு போகக் கூடாது. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலையும் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கிருந்து பவளத் துண்டை ஞாபகமாக எடுத்துவருவதும் சட்டப்படி குற்றம்.

அந்த அழகுக்கு வந்திருக்கும் ஆபத்து என்ன?

நாட்டின் 80 சதவீத நிலம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. 2004 சுனாமியில் இங்கே 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1998இலும் 2016இலும் கடல் வெப்பமானதில் பவளப் பாறைகள் பெருமளவு வெளுத்துப் போயின. பவளம் போனால் அலையைத் தடுக்கும் அரணும் போகும், மணலும் போகும், மீனும் போகும். 2009 அக்டோபரில் அப்போதைய அதிபர் முகமது நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தியது இதை உலகுக்குச் சொல்லத்தான்.

குடிநீர் நிலைமையும் அப்படித்தான். 2014 டிசம்பரில் மாலேவின் குடிநீர் நிலையத்தில் தீப்பிடித்தபோது தலைநகரமே தாகத்தில் தவித்தது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. சுற்றிலும் கடல், குடிக்கத் தண்ணீர் இல்லை!

பசுமை வரி என்று வாங்கும் அந்த 12 டாலர், குப்பையை அள்ளுவது, கழிவுநீரைச் சுத்திகரிப்பது, கரை அரிப்பைத் தடுப்பது போன்ற வேலைகளுக்கென்றே விதிக்கப்பட்டது.

புக் பண்ணும் முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சொல்லும் விலையில் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி, பசுமை வரி எல்லாம் சேர்ந்திருக்கா?
2. தீவுக்குப் போவது ஸ்பீட் போட்டா, கடல் விமானமா? போக வர இரண்டுக்கும் கட்டணம் சேர்ந்திருக்கா?
3. நம்ம விமானம் இறங்கும் நேரத்துக்கு அன்றே தீவுக்குப் போக முடியுமா?
4. எத்தனை வேளைச் சாப்பாடு? குடிதண்ணீரும் அதில் வருமா?
5. 4 இரவும் தண்ணீர் வீடா, இல்லை பாதி நாள் கரை அறையா?

"எல்லாம் இன்க்ளூடட் சார்" என்று வாயால் சொன்னால் போதாது. ஐந்துக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். ரீல்ஸில் பார்த்த அந்தக் கடல் நிஜமாகவே அவ்வளவு அழகுதான். அதன் கரையில் உட்கார்ந்து பில்லை நினைத்துக் கவலைப்படாமல் இருக்க, இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுவது நல்லது.